கண்ணக்கா கேட்காத கேள்வி

அகதி முகாமின் நிவாரணக் கூடாரத்தில் வாசல் மேசையில் இருப்பவளை எல்லாரும் கண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னக் கேமராவை முகத்துக்கு நேரே பிடித்து, வருகிறவர்களின் கண்ணைப் பதிவு செய்வது அவள் வேலை. பதிந்தால்தான் அரிசி, எண்ணெய். அவளும் முகாம்வாசிதான். ஊரில் தையல் கம்பெனியில் காலர் தைத்தவள். வாய்த்துடுக்குக்காகவே இந்த வேலை கிடைத்தது. ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாதவள். உட்கார்ந்தாலும் முழங்காலாவது ஆடிக்கொண்டிருக்கும்.

படம் எடுக்கும் முன் ஒரு பத்தியை வாசித்துச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது விதி. வரிசையோ வாசலைத் தாண்டி நிற்கும். யார் வாசிப்பது? "கண்ண நல்லா முழிங்க" என்று அதைச் சுருக்கிவிட்டாள். முழித்தவரெல்லாம் சம்மதித்தவர். திரையில் 'சம்மதம்' என்ற இடத்தைப் பார்க்காமலே தட்டும் அளவுக்குக் கை பழகிப்போயிற்று.

அன்று கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். முழிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இது எங்க போகும்?"

"மேலிடத்துக்கு."

"எங்க ஊரு பட்டாளத்துக்கும் குடுப்பாங்களா? என் வீட்டுக்காரரை இதே மாதிரி மெஷின்ல பாத்துதான் புடிச்சாங்க."

கண்ணக்கா கேமராவை மேசையில் வைத்துவிட்டுக் கூடாரத்து அதிகாரியிடம் ஓடினாள்.

"சார், இதெல்லாம் எங்க போகுது?"

"மேல."

"மேலன்னா?"

"மேலன்னா மேலதாம்மா! புடிக்கலைன்னா விட்டுடலாம், கட்டாயமே இல்ல."

"அப்போ அரிசி?"

"பதியாம எப்படிம்மா குடுக்கறது?"

நல்ல கட்டாயமில்லாமை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்து முதல் முறையாக அந்தப் பத்தியை முழுசாக வாசித்தாள். பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். குழந்தை பசியில் வீறிட்டது. தாய் கண்ணைத் திறந்தாள்.

"எடுத்துக்கோங்க. ஆனா சம்மதம்னு மட்டும் போடாதீங்கக்கா."

போடாமல் மெஷின் நகராது. கண்ணக்கா தட்டினாள்.

வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. அதே பட்டாளத்திடமிருந்து தப்பி வந்தவன் அவள் தம்பி. இங்கே வேறு பெயரில் இருக்கிறான்; பெயரை மாற்றலாம், கண்ணை மாற்ற முடியாதே. அவன் கண்ணையும் பதிந்தது அவள்தான். சோற்றைப் போட்டது போட்டபடி அவன் எதிரே போய் நின்றாள்.

"டேய், உன்ன எடுத்தப்போ நான் சம்மதம் கேட்டேனா?"

"நீ எதுக்குக்கா கேக்கணும்?" என்று அவன் சிரித்தான். "நீ எடுக்கறேன்னுதானே தைரியமா முழிச்சேன்."