பாங்குக்கு முந்திய நகர்வு

தோற்றுப்போன செஸ் ஆட்டத்தை மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர் பாக்கியசாலி. அதற்கு முகத்தாட்சண்யமே கிடையாது. நகர்வுகளை வரிசையாகக் கொடுத்தால் போதும். நல்லதுக்குப் பச்சை, பிழைக்குச் சிவப்பு. சிவப்பைத் தொட்டால் அதே இடத்தில் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தி, இதைவிட நல்லது எது, கண்டுபிடி என்கிறது.

போன நோன்பில் எங்கள் கழகத்துக்கும் சம்மாந்துறை அணிக்கும் நடந்த இறுதிப் போட்டியை நான் அப்படித்தான் போட்டேன். கல்முனையில் டியூசன் வகுப்பு நடக்கிற ஒரு டியூட்டரி மண்டபம். மற்றப் பலகைகளில் இரு பக்கமும் சமமாக முடிந்து, கிண்ணம் என் ஆட்டத்தில் தொங்கியது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டுத் தொடங்கிய ஆட்டம் இழுபட்டு, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போதும் முடியவில்லை. எங்கள் அணித்தலைவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுகிறவர், எழும்பி வந்து ஆட்ட மணிக்கூட்டை நிறுத்தினார். எதிரணித் தலைவரும் தலையாட்டினார். நோன்பு திறக்கிற நேரத்தில் யார்தான் மாட்டேன் என்பார்?

நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கூட்டாளிகளோடு கதைக்கப் போய்விட்டேன். என்னோடு ஆடிய பொடியன் கஞ்சிக் கோப்பையோடு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். தொழுதுவிட்டு வந்தவன் குதிரையைத் தூக்கி வைத்தான். அது என் ராஜாவையும் ராணியையும் ஒரே நேரத்தில் தாக்கியது. ஆட்டம் முடிந்தது.

"காக்கா, நீங்க மணிக்கூட்ட நிப்பாட்டாட்டி நான் வெண்டிருப்பன்! அவனுக்கு யோசிக்க நேரம் குடுத்ததே நீங்கதான்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"டேய், பாங்கு சொல்லக்குள்ள விளையாடுடா எண்டு சொல்லவா உன்ன?"

"மறுகா நீங்க என்னத்துக்குக் கெப்டன்? கஞ்சியும் ஊத்திக் குடுத்து கப்பையும் குடுத்திட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பகிடி ஒட்டிக்கொண்டது. அவர் கழகத்துக்குள் காலை வைத்தாலே எவனாவது, "காக்கா, கஞ்சி இரிக்கா?" என்பான். பெருநாளுக்குப் பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். கழகத்தைத் தொடங்கியவரே அவர்தான்.

அதற்குப் பிறகுதான் ஆட்டத்தை மென்பொருளில் போட்டேன். காக்காவின் பிழைக்கு ஆதாரம் தேடித்தான் போட்டேன். பாங்குக்குப் பிறகு என் பக்கத்தில் ஒரு சிவப்பும் இல்லை. அது வெகு முன்பே விழுந்திருந்தது, ஓரத்தில் சும்மா கிடந்த சிப்பாயை நான் ஆசைப்பட்டு வெட்டிய இடத்தில். வெட்டிவிட்டுக் கூட்டாளிகளுக்குக் கண்ணடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு எதை ஆடினாலும் அந்தக் குதிரை வந்தே தீரும். மணிக்கூடு ஓடியிருந்தாலும் தோல்விதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தோல்வியையும் போட்டுப் பார்க்கிறேன். கண்டதையும் வெட்டுகிற நோய் குறைந்துவிட்டது. போன வாரம் கழகத்தில் ஒருவன், "என்னடா, நல்லா முன்னேறிட்டாய், ஆருடா பழக்குற?" என்று கேட்டான். உண்மையைச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் இன்னொருவன், "அவன் கஞ்சி குடிச்சிட்டு வாறான்டா" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் காக்காவைக் காண்கிறேன். சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்வார். அதற்கு மேல் எங்களுக்குள் கதை இல்லை.

அந்த ஆட்டத்தின் அலசலைக் கழகத்தில் இன்னும் யாருக்கும் காட்டவில்லை.