அம்சவல்லியின் பி.பி. நம்பர்கள்

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி இருந்த அந்தத் தகடு கம்பெனியில் ஆம்பளைகள் பயந்தது இரண்டே இரண்டுக்குத்தான். ஒன்று பிரஸ் மெஷின். இன்னொன்று டெலிபோன் ரூம் அம்சவல்லி. மெஷினாவது கையை உள்ளே விட்டால்தான் கடிக்கும். அம்சவல்லி கேன்டீன் வாசலிலேயே மறித்துக்கொள்வாள்.

"இன்னாப்பா, உன் பி.பி. நம்பரு இன்னும் அதேதானா? மாறிடிச்சா?"

வாயில் வடையை வைத்துக்கொண்டே அவன் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் விடமாட்டாள்.

பி.பி. என்றால் இன்றைக்கு ரத்தக் கொதிப்பு என்று நினைப்பார்கள். அப்போது அது வேறு. ஊருக்கு ஒரு வீட்டில், மிஞ்சினால் இரண்டு வீட்டில் போன் இருக்கும். மற்றவர்களெல்லாம் அந்த வீட்டு நம்பரைத் தங்கள் நம்பராகக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று போட்டுவிடுவார்கள். போன் நம்முடையதில்லை, ஆனால் கூப்பிட்டால் போய்ச் சொல்லுவார்கள் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையிலேயே கூச்சமில்லாமல் அச்சடிப்பார்கள்.

அம்சவல்லி குன்றத்தூர்க்காரி. பத்தாவது முடித்து, டைப் கற்றுக்கொண்டு, காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இந்த வேலையில் ஒட்டிக்கொண்டவள். லைன் கொடுப்பது, லைன் வாங்குவது, "சார் மீட்டிங்ல இருக்கார்" என்று பொய் சொல்வது, இவ்வளவுதான் அவள் வேலையாக இருந்தது. அந்த வருஷம்தான் கம்பெனியில் அபாய மணி வைத்தார்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பட்டன். உடைத்து அழுத்தினால் அம்சவல்லியின் ரூமில் அந்த செக்‌ஷனின் பல்பு எரியும், ஒரு பஸ்ஸர் காது கிழியக் கத்தும். உடனே அவள் முதலுதவி ரூமுக்குச் சொல்ல வேண்டும், வேனைக் கிளப்ப வேண்டும், அடிபட்டவன் வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இதற்காக ஆளுக்கொரு அட்டை எழுதி ஒரு பெட்டியில் அடுக்கினார்கள். பேர், ரத்த குரூப், என்ன வியாதி, எந்த மருந்து ஒத்துக்காது, யாருக்குச் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் சரியா இருக்குதான்னு நீங்க பாத்துக்குங்கம்மா" என்று மேனேஜர் ஒரு வார்த்தைதான் சொன்னார். அம்சவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அடேயப்பா! இத்தனை பேர் உயிரும் தன் கையில் என்று அன்றைக்கே வீட்டில் போய்ச் சொன்னாள். ராத்திரி சாப்பாடு கூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் பெட்டியைத் திறந்தாள். சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. ஒருத்தன் பிராந்திக் கடை நம்பரைக் கொடுத்திருந்தான். "வூட்ல யாரும் போன் எடுக்கமாட்டாங்க மேடம், அங்கதான் எப்பவும் ஆளு கீது" என்றான். இன்னொருத்தன் நம்பருக்கான இடத்தில் கோடு போட்டிருந்தான். கேட்டால், வல்லக்கோட்டை கோயிலில் மணி அடித்தால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும், வேண்டுமென்றால் அங்கே சொல்லி அடிக்கச் சொல்லுங்கள் என்கிறான். வேறொருத்தன், பக்கத்து அட்டையில் இருந்த ரத்த குரூப்பைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தான். "ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே தங்கிக்கினு கீறோம்?" என்று அவளையே திருப்பிக் கேட்டான்.

"அடப்பாவிங்களா! ரூமு ஒண்ணா இருந்தா ரத்தமும் ஒண்ணாயிடுமாடா?"

அன்றைக்கு ஆரம்பித்தவள்தான். ரத்தத்தை மறுபடி பரிசோதிக்க வைத்தாள். எல்லா நம்பருக்கும் டயல் சுற்றினாள். மணி அடித்தால் மட்டும் போதாது அவளுக்கு. போனை எடுத்தவர் போய், அந்த வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அந்த ஆள் "ஹலோ" சொல்ல வேண்டும். அப்போதுதான் அட்டையில் டிக். அதுவும் ஒரு தடவை பார்த்துவிட்டு விடுகிற ரகமில்லை. மாதம் பிறந்தால் மறுபடி சுற்றுவாள். "டெஸ்ட் அக்கா" என்று முதுகுக்குப் பின்னால் பேர் வைத்தார்கள். அவள் காதுக்கு அது வந்தபோது, யாரோ பட்டம் கொடுத்த மாதிரிப் பூரித்துப்போனாள்.

அவள் மெச்சிக்கொண்ட அட்டைகளில் ஒன்று கோபாலுடையது. வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், பிரஸ் செக்‌ஷனில் வேலை. ரத்தம் ஓ நெகடிவ், லேசில் கிடைக்காத ரகம். தம்பி பகலவனுக்கும் அதே ரத்தம்தான் என்று பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது தெரிந்திருந்தது. அதையும் கேட்டு எழுதி வைத்திருந்தாள். சொல்ல வேண்டியவர் மனைவி கிளியம்மாள், நெல் மில்காரர் வீட்டு பி.பி. நம்பர். இரண்டு மாதமும் டெஸ்ட் ஆகி, இரண்டு டிக்கோடு அழகாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொருகுகிற நேரம். பஸ்ஸர் அலறியது. பிரஸ் செக்‌ஷன் பல்பு!

கோபால்தான். தூக்கிய தகடு சரிந்து தொடையைக் கிழித்துவிட்டது. டிரைவர் ரகுபதி வேனை விட்ட வேகத்தில் கேட் செக்யூரிட்டி துள்ளி ஓரம் போனார். அம்சவல்லி அட்டையை உருவி, வேன் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள்ளேயே ரத்த குரூப்பையும், அதே ரத்தத்தில் தம்பி இருப்பதையும் போனில் சொல்லிவிட்டாள். பார்த்தாயா, எல்லாம் வரிசையாக நடக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்கூட இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே பேசினார். "ரத்தம் நெறைய போயிடுச்சும்மா. இந்த குரூப் எங்ககிட்ட இல்ல. மெட்ராஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் தாங்கறது கஷ்டம். தம்பி இருக்கார்னு சொன்னீங்களே, சீக்கிரம் அனுப்புங்க. சீக்கிரம்!"

வேனோ ஆஸ்பத்திரியில் நிற்கிறது. அம்சவல்லி மில்காரர் வீட்டு நம்பரைச் சுற்றினாள். முதல் தடவையிலேயே மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்கள். மில்காரர் மனைவி சந்திரம்மாள்.

"அம்மா, கம்பெனியிலேர்ந்து பேசறேன். பக்கத்து வூட்டுக் கிளியம்மாளைக் கொஞ்சம் அவசரமா கூப்பிடுங்கம்மா."

"அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல." டக்கென்று போன் வைக்கப்பட்டது.

அம்சவல்லிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. நம்பர் சரி, ஆள் சரி, வீடு சரி. இரண்டு டிக் இருக்கிறது! மறுபடி சுற்றினாள்.

"அம்மா, வெச்சிடாதீங்க! விஷயம் இன்னான்னா..."

"இரு, இரு. இந்தக் குரலு... நீதானே அந்த டெஸ்டு பொண்ணு?" சந்திரம்மாளின் குரல் ஏறியது. "அடி என் தாயே! எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க கூடத்துல குந்திகினு கீறாங்க, நான் அடுப்புல வடை போட்டுகினு கீறேன். அப்ப போன் பண்ணி, அவசரம், கிளியம்மாளைக் கூப்புடுன்னியே! இன்னாமோ ஏதோன்னு எண்ணெய்ச் சட்டிய அப்படியே வுட்டுட்டு ஓடி, அவளைக் கூட்டியாந்தா, 'ஒண்ணுமில்ல, சும்மா டெஸ்டு'ன்ற! வடை பூரா கரி. வந்தவங்க மூஞ்சியில புகை. கோவத்துல நான் அவளை ஒரு வார்த்தை சொன்னேன், போன் வெச்சிருக்கிற திமிருன்னு அவ ஒன்பது வார்த்தை சொன்னா. அன்னிக்கோட அறுந்துபோச்சு. இப்ப மறுபடி டெஸ்டா?"

அம்சவல்லி கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அந்த இரண்டாவது டிக்! சரிபார்க்கிறேன் பேர்வழி என்று தானே போய் அதைப் பொய்யாக்கிவிட்டு, இத்தனை நாளாக அந்த அட்டையைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். செருப்பாலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு இது நேரமில்லை.

"டெஸ்ட் இல்லம்மா, சத்தியமா இல்ல. கோபாலுக்குத் தகடு சரிஞ்சி அடிபட்டுடுச்சு. ரத்தம் போய்க்கினே கீது. தம்பிகாரன் ரத்தம் குடுத்தாத்தான் பொழைப்பாரு."

"அய்யய்யோ" என்றாள் சந்திரம்மாள், குரல் இறங்கி. பிறகு தவித்தாள். "ஆனா நான் இன்னாம்மா செய்வேன்? வல்லக்கோட்டை முருகன் மேல கற்பூரம் அடிச்சி, அவகிட்ட ஒரு சொல்லு பேசமாட்டேன்னுட்டேனே. மில்லு ஆளுங்ககூட சாப்பாட்டுக்குப் போய்ட்டாங்க."

கற்பூரம் அடித்து சத்தியம் பண்ணிவிட்டால் அதை மீறுவது லேசான காரியமில்லை என்று அம்சவல்லிக்குத் தெரியும். அதிலும் அரைக் கூப்பிடு தூரத்தில் முருகனை வைத்துக்கொண்டு! ஆனால் குன்றத்தூரில் அவள் தெருவிலும் பேச்சு அறுந்த வீடுகள் உண்டு. அந்தப் பொம்பளைகள் வருஷக்கணக்கில் பேசாமல் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் அவள். சட்டென்று பொறி தட்டியது.

"அம்மா! வாசல்ல ஆடு, மாடு எதாவது கீதா?"

"இன்னாது? எருமை கட்டியிருக்குது. அதுக்கு இன்னா இப்போ?"

"நீங்க கிளியம்மாகிட்ட பேசவே வேணாம். எருமைகிட்ட பேசுங்க. நல்லா சத்தமா, ஜாடையா. முருகன் ஒண்ணும் சொல்லமாட்டாரு!"

அப்புறம் ரிசீவர் மேஜைமேல் விழுகிற சத்தம், தடதடவென்று ஓடுகிற காலடி. அதற்குப் பிறகு கேட்டது பாருங்கள், அம்சவல்லி ரிசீவரைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"ஏ எருமை! நல்லா கேட்டுக்க! ஊர்ல ஒருத்தி புருஷன் கம்பெனியில அடிபட்டு, ரத்தம் இல்லாம ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில கெடக்கறானாம்! தம்பிகாரன் ரத்தம் குடுத்தாத்தான் உசிராம்! அவளுக்குக் காது கீதா இல்லையா? உள்ள குந்திகினு இன்னா செய்யறா?"

எருமை என்ன நினைத்ததோ, ம்மே என்று பதில் கொடுத்தது. அடுத்த நொடி எங்கேயோ ஒரு பாத்திரம் உருண்டது. "ஐயோ என் சாமி!" என்று ஒரு அலறல். கிளியம்மாள்தான். "பகலவா! டேய் பகலவா! கழனி மோட்டாரை நிறுத்திட்டு ஓடியாடா!"

டெலிபோன் ரூமில் அம்சவல்லி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "அப்படித்தான், அப்படித்தான், ஓடு, ஓடு" என்று தன்னையறியாமல் முணுமுணுத்தாள். கழனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவார்கள்? பஸ்ஸை நம்பினால் கதை முடிந்தது. இதை யாரிடம் சொல்வது என்று அவள் தவிக்கும்போதே சந்திரம்மாள் குரல், சாப்பாட்டுக்குப் போயிருந்த மில் டெம்போ டிரைவரைத் தேடி மறுபடி கிளம்பியது.

"டேய் லோகேஷு! தின்னது போதும், கைய கழுவு! மில்லு டெம்போவ எடுத்து ரோட்டுல நிறுத்து! யாரு ஏறினாலும் ஏறட்டும், நான் ஒண்ணும் பாக்கல! நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு, எங்கியும் நிறுத்தாத!"

டெம்போ உறுமியது. கதவு அடித்து மூடிய சத்தம் வந்தது. கிளியம்மாளின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து தூரத்தில் போனது. அம்சவல்லி உடனே ஆஸ்பத்திரிக்குச் சுற்றி, "டாக்டர், கிளம்பிட்டாங்க, டெம்போவுல வர்றாங்க" என்று கத்தினாள். மெதுவாகப் பேசுங்கள் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் காத்திருப்புதான். அதுதான் பெரிய கொடுமை. கேன்டீன் டீ ஆறி ஆடை கட்டியது. பிரஸ் செக்‌ஷன் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற போன்கள் வந்தால் "லைன் பிஸி" என்று வெட்டிவிட்டாள். மேனேஜருக்கு வந்ததையும் வெட்டினாள். கோபாலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த நாற்காலியில் இனி உட்கார முடியாது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். டாக்டர் இல்லை.

"ஏம்மா டெஸ்டு பொண்ணு!" சந்திரம்மாள்தான். மூச்சு வாங்கியது. "லோகேஷு இப்பதான் வந்து சொன்னான். பகலவன் ரத்தம் ஏறிடிச்சு. எங்க கோபாலு கண்ணு முழிச்சி, தண்ணி கேட்டானாம்!"

எங்க கோபாலு! அம்சவல்லி ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். வெளியே ஒரே விசில். அவளுக்குக் கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

"அம்மா, நீங்க நல்லா இருக்கணும். அன்னிக்கு உங்க வடையைக் கருக வெச்சதுக்கு..."

"அட, அது கெடக்கட்டும். பொண்ணைப் புடிச்சிப்போய் தேதியே குறிச்சிட்டாங்க." பிறகு சந்திரம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "ஏம்மா, அந்த அட்டையில எங்க நம்பரு இன்னும் கீதா? எடுத்துடாத."

"எடுக்கல, எடுக்கல. அப்போ கிளியம்மாகூட ராசி ஆயிட்டீங்களா? நான் அப்படியே எழுதிக்கறேன்."

"ராசியா! யாரு? அவகூடவா? ஒன்பது வார்த்தை சொன்னவகிட்டயா?" குரல் பழையபடி உச்சத்துக்குப் போனது. "செத்தாலும் பேசமாட்டேன்! ஆனா நீ எப்ப வேணாலும் போன் பண்ணு. அடுப்புல இன்னா இருந்தாலும் ஓடுவேன்."

அம்சவல்லி கோபாலின் அட்டையை எடுத்தாள். இரண்டாவது டிக்கை அழித்தாள். நம்பருக்கு நேரே, இடுக்கி இடுக்கி, சின்ன எழுத்தில் எழுதினாள்:

"பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் சொல்லிவிடுவார்."