நூற்றுக்கு நூறு வாங்கிய கம்பம்

"நான் நட்ட கம்பத்தப் பிடுங்கணும்னா நானேதான் வரணும். நான் வரமாட்டேன்."

கம்பெனியின் இருபதாம் ஆண்டு விருந்தில், சாப்பாட்டு வரிசையை நிறுத்திவைத்து, மைக்கைக் கையில் வாங்கி டேப்பார் அருளிய வாசகம் இது. பசியோடு நின்றவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். கைதட்டினால்தான் மனிதர் இறங்குவார் என்பது அதற்குள் எல்லோருக்கும் புரிந்துபோயிருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கியதால் முதலில் டேப் ஆனார். வயது ஐம்பதைத் தாண்டியதும் மரியாதைக்கு விகுதி சேர்ந்து டேப்பார் ஆனார். கடைவளாகம், ஆஸ்பத்திரி, அலுவலகக் கட்டடம் என்று எங்கெல்லாம் வண்டிகள் நிற்குமோ அங்கெல்லாம் சட்டப்படியான பலகைகளை நடுவது அவர் தொழில். இதைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். சட்டம் புத்தகத்தில் படுத்துக் கிடக்கிறது. அது எழுந்து நிற்பது டேப்பார் தோண்டிய இரண்டடிக் குழியில்தான்.

சக்கர நாற்காலிக்காரர்களுக்கான இடம் என்றால் நீலப் பலகை. அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து சரியாக ஐந்தடி. கால் அங்குலம் குறைந்தாலும் டேப்பாருக்கு அன்று சோறு இறங்காது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து உட்காரும்வரை கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நிற்பார். "என்னைக் கூட இப்படிப் பிடிச்சதில்ல," என்று அவர் மனைவி ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னதாகக் கேள்வி. பலகையை மாட்டும் போல்ட்டுகள் முறுக்கி முடித்ததும் தலை முறிந்து விழும் சாதி. பிறகு எந்த ஸ்பானருக்கும் பிடி கிடைக்காது. ஒவ்வொரு கம்பத்தின் பின்னாலும் அவருடைய உரிம எண் ஒட்டியிருக்கும். ஓவியர் கையெழுத்துப் போடுவதில்லையா, அதுபோல.

ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு துணிக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஏணிமேல் நின்றிருந்தபோது மச்சினனிடமிருந்து போன் வந்தது. அக்கா சமையலறையில் விழுந்துவிட்டாள், இடப்பக்கம் முழுக்க வரவில்லை, பக்கவாதம் என்கிறார்கள் என்றான். டேப்பார் "சரி" என்றார். மிச்சமிருந்த இரண்டு போல்ட்டுகளை முறுக்கினார். தலைகள் முறிந்து விழுந்தன. ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். சொந்தபந்தம் இதைக் கல்நெஞ்சு என்று பேசிக்கொண்டது. அவருக்கே அது என்னவென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் மனைவியின் இடது கையில் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டபோது, இதை என் மேலும் ஒரு முறை செய்து பார்த்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அதுவும் தோன்றியதோடு சரி.

அன்றிலிருந்து எழுந்தார், சமைத்தார், அவளைக் குளிப்பாட்டினார், கம்பம் நட்டார், வந்தார். யாராவது "எப்படி இருக்கீங்க?" என்றால் "இருக்கேன்" என்பார். அளவு சரியான பதில்.

முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு வந்தால் கால் நடக்கும். ஆறு மாதத்தை வீணடித்தால் அப்புறம் உத்தரவாதமில்லை. ஆரம்பத்தில் பயிற்சி நடந்த பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்பதால், ஐந்தாவது மாதம் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மருத்துவக் கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மச்சினன் கார் ஓட்டினான். கார் நீலப் பலகைக்கு எதிரே போய் நின்றது. டேப்பாருக்கு அந்தப் பலகையை அடையாளம் தெரிந்தது. பெற்ற பிள்ளையைத் தெரியாதா?

இரண்டு வருடத்துக்கு முன் நட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்கள். நடுவே நாற்காலியை இறக்க மஞ்சள் கோடு போட்ட பட்டை. பட்டையின் தலைமாட்டில், நடைபாதைமேல் ஏற நாலடி அகலத்துக்கு ஒரு சரிவு. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக ஒரே கம்பம், நடு மையத்தில் நடவும் என்று ஆபீஸ் வரைபடம் சொன்னது. நடு மையம் என்பது அச்சு அசலாகச் சரிவின் வாய். டேப்பார் அன்றே அதைப் பார்த்தார். ஆனால் சரிவு அவருடைய தாளில் இல்லை. அது கட்டடக்காரன் வேலை. கம்பம் இவர் வேலை. அடுத்தவன் வேலையில் மூக்கை நுழைப்பது பண்பல்ல என்பதால், பண்போடு இரண்டடி தோண்டி, சரிவின் வாயில் சட்டத்தை நட்டுவிட்டுப் போனார். சோதனைக்கு வந்த அதிகாரியிடம் பதினாலு கட்டம் போட்ட தாள் இருந்தது. உயரம், நிறம், எழுத்தின் அளவு, மையம், எல்லாம் இருந்தன. நாற்காலி போகுமா என்று ஒரு கட்டம் இல்லை. நூற்றுக்கு நூறு.

இப்போது நாற்காலி போகவில்லை. டேப்பார் டேப்பை உருவினார். கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருபத்திரண்டரை அங்குலம். அந்தப் பக்கமும் அதேதான். மையம் என்றால் மையம். நாற்காலி இருபத்தைந்து.

"மாமா, அளந்தா அகலமாயிடுமா?" என்றான் மச்சினன்.

ஆம்புலன்ஸ் வாசல் வழியாகப் போகலாமா என்று பார்த்தால், அங்கே ஆம்புலன்ஸ் மட்டும் என்று ஒரு பலகை நின்றது. அதுவும் டேப்பார் நட்டதே. கடைசியில் காவலாளிகள் இரண்டு பேர் வந்து, நாற்காலியோடு அவளைத் தூக்கி அரையடி உயர நடைபாதையில் வைத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு," என்று எண்ணித் தூக்கினார்கள். மருந்து வாங்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரும்பும்போது மறுபடியும் ஒண்ணு, ரெண்டு, இறக்கு.

மனைவி பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவள். தலைமையாசிரியர்களே அவள் மேசைக்கு முன்னால் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்கள். பக்கவாதம் அவள் பேச்சை மெதுவாக்கியிருந்ததே தவிர, கூர் மழுங்கவில்லை. வீட்டுக்கு வந்து, முகம் கழுவிவிட்ட பிறகு சொன்னாள்.

"பீரோவ ஏத்துற மாதிரி ஏத்துறாங்க. இனிமே நான் வரல."

"ஆறு மாசம்னு டாக்டர்..."

"நடக்காட்டி போகுது." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் பலகை வச்சீங்க. பொண்டாட்டி போறதுக்கு வழி இல்ல."

புதன்கிழமை போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. பழைய இடத்துக்கே போகலாம் என்றதற்கு, அங்கே இந்த நேரம் காலியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் என்பது ஆறாவது மாதம். வீட்டில் டேப்பார் அவள் காலைப் பிடித்து மடக்கி நீட்டினார். பயிற்சிப் படத்தைப் பார்த்துச் செய்தது, முட்டி சிவந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை ஆபீசுக்குப் போய், அந்தக் கம்பத்தை மூன்றடி தள்ளி நட வேண்டும் என்றார். மேலாளர் கோப்பை எடுத்தார். புதிய வரைபடம் போட வேண்டும், கட்டடச் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதிகாரி மறுபடி வர வேண்டும், மூன்று மாதமாவது ஆகும் என்று விளக்கினார். அனுமதியில்லாமல் சட்டப் பலகையை எடுத்தால் உரிமம் ரத்தாகும் என்பதையும் ஞாபகப்படுத்தினார். பிறகு, வேலை முடிந்ததும் டேப்பார் எழுதிக்கொடுத்த சான்றுத் தாளைத் திருப்பிக் காட்டினார். பாதை தடையின்றி உள்ளது என்ற வரிக்கு எதிரே 'ஆம்' என்று இருந்தது.

"இது உங்க கையெழுத்துதானே, சார்?"

நல்ல கையெழுத்து. கோடு பிசகாமல் இருந்தது. டேப்பார் ஒப்புக்கொண்டு, மூலை அலமாரியிலிருந்து ஓர் அகற்றல் படிவத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் படிவக் கட்டைத் தொட்டதே இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மனைவியைக் காரில் உட்காரவைத்தார்கள். இறங்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு அவள் வந்தாள். டேப்பார் தன் வேனில் முன்னால் போனார். மஞ்சள் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, நாலு கூம்புகளைச் சுற்றி வைத்தார். மஞ்சள் சட்டையும் நாலு கூம்பும் இருந்தால் இந்த உலகத்தில் கட்டடத்தையே கழற்றி ஏற்றிக்கொண்டு போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். வந்த காவலாளி, கூம்புகளுக்கிடையே கயிறு கட்ட உதவிவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுப் போனார்.

முதலில் பலகையைக் கழற்ற வேண்டும்; போல்ட்டுகளுக்குத் தலை இல்லை. துளையிட்டே எடுக்க வேண்டியிருந்தது. துளையிடும் முனைகள் இரண்டு உடைந்தன. பிறகு தளத்தை வெட்டி, கடப்பாரையைப் போட்டார். கம்பம் அசையவில்லை. சிமென்ட் கலவையில் அந்த ஆள் ஒரு சட்டி கூடக் குறைத்திருக்கவில்லை. மற்றவர்கள் ஒன்றரை அடியோடு நிறுத்தும் குழியை இரண்டடிக்குத் தோண்டியிருந்தான். அடியில் இரும்புக் கம்பியைக் குறுக்கே செருகியிருந்தான், சட்டத்தில் கேட்காததையெல்லாம்.

"எந்தப் பாவி நட்டானோ, மாமா," என்றான் மச்சினன், கடப்பாரையின் மறுமுனையில் தொங்கிக்கொண்டு.

டேப்பார் சிரிக்கவில்லை. "இடப்பக்கம் அமுக்கு, மாப்ள," என்றார்.

"லைசென்ஸ் போயிடுமே, யோசிச்சீங்களா?"

"அமுக்கு."

எட்டு ஐம்பதுக்குக் கம்பம் சாய்ந்தது. சத்தம் கூடப் பெரிதாக வரவில்லை. இருவரும் அதை வேனில் ஏற்றினார்கள். குழியில் ஜல்லியைக் கொட்டி இடித்து, மேலே ஓர் இரும்புத் தகட்டை வைத்து, ஆடுகிறதா என்று ஏறி நின்று பார்த்தார். படிவத்தை வேனின் முகப்பில் வைத்து நிரப்பினார். அகற்றியவர் என்ற இடத்தில் உரிம எண். காரணம் என்ற இடத்தில், நாற்காலி போகவில்லை. கையெழுத்துப் போட்டு, ஆபீசில் கேட்டால் கொடுங்கள் என்று காவலாளியிடம் ஒப்படைத்தார். ஏதாவது தோன்றுமென்று ஒரு நிமிடம் நின்றார். ஒன்றும் தோன்றவில்லை. முதுகு வலித்தது.

நாற்காலியைக் கார்க் கதவருகே விரித்து வைத்து, அவளைப் பார்த்தார். அவள் சரிவைப் பார்த்தாள், அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு வலது கையை அவர் தோளில் போட்டாள்.

சரிவின் அடிக்கு வந்ததும் அந்தக் கையை உயர்த்தினாள்.

"நில்லுங்க. கல்லு கிடக்கு."

டேப்பார் குனிந்து எடுத்தார். எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கான்கிரீட் துண்டு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தள்ளினார்.