ஊறுகாய்க்குச் சிவக்காத விரல்

என் மாமா வீம்பு பிடித்த மனிதர். அம்மாவின் தம்பி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை. தன் கல்யாணத்தன்று காலையில், விருந்துக்கான மாங்காய் ஊறுகாயைத் தானே கலக்குவேன் என்று உட்கார்ந்துவிட்டார். மிளகாய்த்தூளும் கடுகுத்தூளும் குவியலாகக் கிடந்தன. யாராயிருந்தாலும் முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டுதான் கைவைப்பார்கள்.

"எண்ணெய் தடவிக்கடா," என்றாள் அம்மா.

"சுண்ணாம்புத் தொட்டியில ஊறின கை இது. மாங்கா இன்னா பண்ணும்?"

என்ன பண்ணியது என்று கோயிலில் தெரிந்தது. வலது கை சிவந்து, பன் மாதிரி உப்பியிருந்தது. மாமா நெளிந்தார். பாதிரியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இந்தக் கையில மோதிரம் எப்படி ஏறும்?" என்றார் பெண்ணின் அப்பா.

ஏழு வயது எனக்கு. பதில் தெரிந்த குஷியில் கத்தினேன்: "மோதிர விரல் மட்டும் வீங்கல! அதுக்கு உணர்ச்சியே இல்ல. குண்டூசியால குத்தினாலும் மாமாவுக்குத் தெரியாது!"

அம்மா என் தொடையைத் திருகினாள்.

"உணர்ச்சி இல்லையா? நோயை மறைச்சா பொண்ணு கேட்டீங்க?" பெண்ணின் அப்பா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய்தான். தொழுநோய் என்றால் துரத்து. அந்தக் காலத்து அறிவு அவ்வளவுதான். நோய் வந்தவர்களை நாங்கள் நடத்திய விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மணப்பெண் கையை உதறினாள். "நோயும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. தோல் சீவுற கத்தி வெட்டி நரம்பு அறுந்துபோச்சு. அடியில தழும்பு இருக்குது பாருங்க. இவரே சொன்னாரு."

சொல்லிக்கொண்டே மோதிரத்தைப் போட்டுவிட்டாள். வழுக்கிக்கொண்டு ஏறியது.

எரிகிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பேதான் எரிகிற இடத்தைச் சிவக்கவும் வீங்கவும் வைக்கிறது என்று பெரியவளான பிறகு ஒரு டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். நரம்பு செத்த விரலுக்கு ஊறுகாய் கலந்த சேதியே போகவில்லை.

பெண்ணின் அப்பா குனிந்து தழும்பைப் பார்த்தார். நிமிர்ந்தார். கல்யாணம் வரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கட்டளை போட்டவர் அவர்.

"இவரே சொன்னாரா? உங்கிட்டயா? எப்போ?"

கோயில் முழுக்கச் சிரித்தது. பாதிரியாரும் சிரித்தார். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஊறுகாய்ப் பக்கமே போகாத அவள் முகம் மாமாவின் கையைவிட ஏன் அப்படிச் சிவந்தது என்று எனக்குத்தான் விளங்கவில்லை.