மாமா சுற்றிய துணிச் சுருள்

சுண்டுவிரல் பருமனில் ஒரு துணிச் சுருள். பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து மாமா சுற்றியது. அக்கா மகனின் இரண்டு கட்டைவிரல்களும் பிறந்ததிலிருந்தே உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. தினமும் காலையில் எண்ணெய் தடவி, விரலை மெல்ல நிமிர்த்தி, இடையில் அந்தச் சுருளை வைப்பார். எடுத்ததும் விரல் மறுபடி உள்ளே போய்விடும். திருத்தணி மலையடிவாரத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர். ஆவிக்கும் சூட்டுக்கும் காய்த்துப்போன கை என்பதால், பிள்ளையைத் தொடுமுன் அதிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்.

மாமா என் அம்மாவின் தம்பி. அக்காவைக் கட்டியவரும் அவர்தான். எங்கள் பக்கம் அது வழக்கம். பிள்ளைக்குத் தலை பெருத்துக்கொண்டே போனது. தொண்ணூற்றாறில், மூன்று வயதில், போய்விட்டான். சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்றது தெரு. ஏழாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனராக ஊர் சுற்றிய நானும் எல்லாம் தெரிந்தவன்போல மாமாவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "உன் ரத்தந்தான் மாமா. அக்காவ வெளியில குட்த்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்." அவர் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே "ஆங்" என்றார். அன்றோடு அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன்.

தங்கையை அத்தை மகனுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். நான்தான் தடுத்தேன். மணவூரில், எந்த வழியிலும் சொந்தமில்லாத வீட்டில் கொடுத்தோம். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து மறுபடி லாரி ஏறினேன்.

இரண்டாயிரத்து நான்கில் அவளுக்கு ஆண் குழந்தை. நர்ஸம்மா துணியை விலக்கிக் காட்டினார். இரண்டு கட்டைவிரல்களும் உள்ளே மடங்கியிருந்தன.

சென்னையில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பி, பல வாரம் கழித்துக் கூப்பிட்டார். எல்1கேம் என்று ஒரு ஜீன் பழுதாம். நரம்புச் செல்லின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை அதுதான் உண்டாக்குகிறது. கருவில் மூளை உருவாகும்போது நரம்புகள் ஒன்றையொன்று பற்றி வழி தேடிப் போவதற்கு அந்தப் புரதம் வேண்டும். பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அவள் பெறும் ஒவ்வொரு ஆண் பிள்ளையையும் பிடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டியவன் சொந்தமா அசலா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அம்மா வழியில் ஆண் குழந்தைகள் தவறியிருக்கிறார்களா என்று கேட்டார். அக்கா மகனைத் தவிர யாரும் இல்லை என்றேன். பின்னால் இருந்த அம்மா இரண்டு விரல்களைக் காட்டினாள். பிறகு தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் காட்டினாள்.

எனக்கு முன்னால் பிறந்து செத்த அண்ணன்கள். செத்த பிள்ளையைப் பற்றி இருக்கிற பிள்ளையிடம் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டு. அக்கா மகன் கையைப் பார்த்தபோதும், தன் தம்பி மேல் பழி விழுந்தபோதும் அம்மா வாய் திறக்கவில்லை.

ரயிலிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். டாக்டர் சொன்னதைச் சொல்லி மாமாவின் காலைத் தொடக் குனிந்தேன். "லாரி கிரீஸோட வந்து தொடாதடா, கைய கழுவு" என்றார். உள்ளே போய் இரண்டு மஞ்சள் சுருள்களை எடுத்துவந்தார். "உன் தங்கச்சிக்குப் புள்ள பொறந்தன்னிக்கே சுத்திட்டேன். என் ரத்தம்னு சொல்லிகினு இருந்தீங்களே, நான் குட்த்தா வாங்குவாங்களோன்னுதான் எடுத்தாரல."

மாமா இப்போது இல்லை. தங்கை மகன் இருக்கிறான். நடை இல்லை, பேச்சு நாலைந்து வார்த்தை. ஊரில் இருக்கும் நாட்களில் நான்தான் எண்ணெய் தடவிச் சுருளை வைக்கிறேன். எடுத்ததும் விரல் மறுபடி உள்ளே போய்விடுகிறது.