மேடையேறிய மதகுக் கதவு

ஏழாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற அன்று, பரிசு வழங்கிய பெரியவருக்கு நான் மனத்துக்குள் மதிப்பெண் போட்டேன். அவர் அப்போது அமைச்சர். ஆனால் காரைக்காலில் எவரும் அவரை அமைச்சர் என்று அழைத்ததில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஊராட்சித் தலைவருக்கு வழங்கிய 'மேர்' என்ற பெயரே கடைசி வரை அவருக்கு நிலைத்தது. ஒலிபெருக்கி முன் வந்து நின்ற மேர், "வெயிலா இருக்கு. பிள்ளைங்கள நிழல்ல உக்கார வைங்க" என்றார். நாங்கள் எழுந்து வேப்பமரத்தடியில் போய் அமர்வதற்குள் அவர் தம் இருக்கைக்குத் திரும்பிவிட்டார். முன்னுரை இல்லை, எடுத்துக்காட்டு இல்லை, முடிவுரை இல்லை. நூற்றுக்குப் பத்து என்று முடிவு செய்தேன்.

அந்தப் பத்தையும் அவருடைய வயதுக்காகத்தான் கொடுத்தேன்.

பின்னாளில், அதே மனிதருக்காக மேடையேற வேண்டிய நிலை எனக்கு வந்தது. நான் கல்லூரியில் இரண்டாமாண்டு படித்தபோது மேர் காலமானார். மறு ஆண்டு புரட்டாசியில், திருமலைராயன்பட்டினத்துக்கும் பட்டினச்சேரிக்கும் இடைப்பட்ட திடலில் நினைவு விழா எடுத்தார்கள். அதில் பட்டிமன்றம். மேரின் புகழை நிலைநிறுத்துவது அவர் வகித்த பதவியா, அவர் படைத்த கதவா என்பது தலைப்பு. கதவு அணிக்கு நான் தலைவி. பதவி அணிக்கு எங்கள் கல்லூரியிலேயே படித்த, சட்டம் படிக்கப் போவதாக அனைவரிடமும் அறிவித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். அவரிடம் மட்டும் தோற்கக்கூடாது என்பதே அந்த மாதம் முழுவதும் என் ஒரே வேண்டுதல்.

கதவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேர் கூலி விவசாயியின் மகன். பத்து வயதில் சைக்கிள் கடையில் காற்றடிக்கச் சேர்ந்தார். பஞ்சர் ஒட்டியது காயும் நேரத்தில், வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பிரெஞ்சு விண்ணப்பங்களை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்தே அந்த மொழியைக் கற்றார். பிறகு அவர்களுக்காக விண்ணப்பம் எழுதினார். எழுதிக் கொடுத்த வீடுகளெல்லாம் வாக்களித்து அவரை மேர் ஆக்கின. காரைக்கால் இந்தியாவோடு இணைந்த பின் சட்டமன்றம், அமைச்சர் பதவி. ஆனாலும் அவர் சிந்தனை சைக்கிள் டியூபை விட்டுப் போகவில்லை. அதன் வாயிலுள்ள வால்டியூப் என்னும் சிறு ரப்பர்க் குழாய் வழியே காற்று உள்ளே போகும், வெளியே வராது. அதுபோல வாய்க்கால் நீர் கடலுக்குப் போகவும், கடல்நீர் வாய்க்காலில் ஏறாதிருக்கவும் ஒரு வழி வேண்டுமென்று அவர் நினைத்தார். வாய்க்கால் கடலில் சேரும் மதகில் அவர் பொருத்திய கதவு இவ்வளவுதான்: உடைந்த படகின் பலகை, லாரி டயர் ரப்பர், மேற்புறம் இரண்டு போல்ட். வாய்க்கால் நீர் தள்ளினால் கதவு திறக்கும். கடல் தள்ளினால் அதுவே மூடிக்கொள்ளும். காவலாளும் வேண்டாம், கைச்சக்கரமும் வேண்டாம். கடலோர வயல்கள் உவர்நீரிலிருந்து தப்பியது அந்தக் கதவால்தான்.

இவ்வளவு அருமையான பொருளை வெறும் சொல்லால் விளக்குவானேன்? சான்றையே மேடையில் நிறுத்தினால் எதிரணி என்ன பேச முடியும்? கதவைக் கழற்றி மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று விழாக் குழுவிடம் கேட்டேன். குழுவினர் எல்லோரும் கடைத்தெருக்காரர்கள். உவர்நீர் அவர்கள் வாசலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. மகிழ்ச்சியோடு இசைந்தார்கள். நான் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தில் நேரம் பார்க்கும் என் அண்ணனுக்கு மட்டும் ஐயம்.

"ஏண்டி, கதவு வந்து கூண்டுல ஏறி சாட்சி சொல்லப் போவுதா?"

"சொல்லும். பாத்துக்கிட்டே இரு."

"ஒன் பேச்ச கேக்கறதுக்கு அது வாய்க்கால்லயே கெடக்கலாம். பாவம்."

இப்படிச் சொன்னவனே விழா நாளன்று பிற்பகல் மூன்று பேரோடு போய்க் கதவைக் கழற்றித் தூக்கி வந்தான். சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, ரோஜா மாலை சார்த்தி, நடுவருக்கு வலப்புறம் நிறுத்தினார்கள். நடுவரைவிடக் கதவுக்குத்தான் மாலை பெரிது.

ஐந்து மணிக்குத் தொடங்கினோம். எதிரணித் தலைவர், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், நன்றாகவே பேசினார். "இந்தப் பலகையை எந்தத் தச்சரும் செய்திருப்பார். அரசாங்க வாய்க்காலில் இதைப் பொருத்தும் உத்தரவை எந்தத் தச்சர் வாங்கியிருப்பார்?" என்று கேட்டபோது முன்வரிசை கைதட்டியது. எனக்குள் சுருக்கென்றது. ஆயினும் நிறைவுரை எனக்கு இருந்தது. அதை எட்டு நிமிடத்துக்கு இழைத்து வைத்திருந்தேன்.

நான் எழுந்தபோது கிழக்கே முழுநிலவு எழுந்தது. அந்த வாய்ப்பை விடுவேனா? "அவையோரே, அதோ பாருங்கள்! கடலைக் கிளர்ந்தெழச் செய்யும் முழுநிலவு! அதையே எதிர்த்து நின்றது ஓர் ஏழையின் பலகை!" என்று கை நீட்டினேன். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. அந்தத் திடலில் அப்போது நிலவைக் காட்டியவளும் நான்தான், அதன் பொருளை எண்ணிப் பாராதவளும் நான்தான்.

அடுத்து, கதவை மும்முறை தட்டி, "இது பேசுகிறது, கேளுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஒருமுறை தட்டினேன். இரண்டாம் முறை தட்டக் கை ஓங்கியபோது, முழங்கால்வரை சேலை நனைந்த ஒரு பெண் பந்தலுக்குள் வந்தார். வாய்க்கால் கரையில் நாற்றங்கால் விட்டிருந்தவர்.

"கதவு எங்க? எங்க கதவு? தண்ணி ஏறுது!" என்றவர் மேடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "அட கடவுளே, சந்தனம் வேறயா!"

பின்வரிசையிலிருந்த பட்டினச்சேரி மீனவர் ஒருவர் எழுந்தார். "பௌர்ணமி அன்னிக்கு கதவ கழட்டச் சொன்ன மகராசன் யாருப்பா?"

இன்னும் நான்கு நிமிடம் மீதமிருந்தது. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் நின்றது. ஒலிபெருக்கியில், "நான்தாங்க" என்றேன். பிறகு, "அண்ணா, ஸ்பேனர்!" என்றேன்.

அவ்வளவுதான் என் நிறைவுரை. நால்வர் கதவைத் தூக்க, அவையே எழுந்து பின்னால் வந்தது. மாலையைக் கழற்றக்கூட நேரமில்லை. வாய்க்காலில் கடல்நீர் அமைதியாக, அவசரமே இல்லாமல், மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. மீனவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கதவைத் தாங்கினார்கள். என் அண்ணன் போல்ட்டைத் திருக, எதிரணித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாந்தர் பிடித்தார். சந்தனம் அடைத்திருந்த போல்ட் துளையை நான் என் கொண்டை ஊசியால் குடைந்தேன். கைகள் விலகியதும் கடல் தள்ளிய வேகத்தில் கதவு 'தொப்'பென்று மூடிக்கொண்டது. கரை முழுவதும் ஆரவாரம் எழுந்தது. நான் கேட்ட கைதட்டல்களில் அதுவே பெரிது; ஆனால் அது எனக்குரியதல்ல.

"தீர்ப்பு சொல்லணுமே" என்றார் நடுவர், செருப்பைக் கையில் பிடித்தபடி.

நாற்றங்கால்கார அம்மாள் முந்திக்கொண்டார். "கதவுதாங்க பெருசு. ஆனா பெருசுன்னு சொன்னவங்களே அத கழட்டிப்புட்டாங்களே. அவங்கள எப்புடி ஜெயிக்க வக்கிறது?"

"அதுவே தீர்ப்பு" என்றார் நடுவர்.

எதிரணித் தலைவர் உரக்கச் சிரித்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சிரிக்கிற? ஒன்றர மணி நேரம் அது பக்கத்துலதான குந்தியிருந்த? இத எடுத்தா தண்ணி ஏறுமேன்னு ஒனக்குத் தோணலல்ல? கீழ் மூல நாத்து கருகிடும். குரும்பகரத்துல எங்க அண்ணன்கிட்ட நாத்து கேட்டு வாங்கிக்கிறேன். நடவன்னிக்கு ரெண்டு பேரும் வந்து நட்டுக் குடுங்க."

சொன்ன நாளில் போனோம். அன்றுவரை நான் சேற்றில் கால் வைத்ததில்லை. எதிரணித் தலைவர் வைத்திருந்தாரா என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. இரண்டு முறை வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். ஆளுக்கொரு பக்கம் நட்டோம். யார் வரிசை நேராக இருக்கிறதென்று நடுவில் ஒரு வாக்குவாதமும் செய்தோம். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்து, "ரெண்டும் கோணல்தான், பேசாம நடுங்க" என்று தீர்ப்பளித்தார்கள்.

"பிள்ளைங்கள நிழல்ல உக்கார வைங்க" என்று மேர் பேசிய அந்த ஒற்றை உரைக்கு நான் போட்ட மதிப்பெண்ணை அன்று மாலை, கால் கழுவும்போது, திருத்தினேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு கௌரவம் உண்டு. அறுவடை வரை அந்த வயலின் கீழ்மூலையில் பயிர் வரிசை வளைந்து வளைந்து நின்றது. பட்டினச்சேரிப் பேருந்தில் போகிறவர்கள் சன்னல் வழியே கை நீட்டி, "அதோ பாரு, பட்டிமன்றத்து நடவு" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.