இறக்கம் பார்த்து நிறுத்திய வண்டி

நோய் முதலில் தெரிந்தது நெஞ்சில் அல்ல, காலில். அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் டிஸ்பென்சர் (மருந்து கலந்து கொடுப்பவர்). தோட்டத்தின் மூன்று டிவிஷன்களுக்கும் (பிரிவுகளுக்கும்) மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவேன். ஒரு காலையில் கிக்கரை இரண்டு முறை உதைத்ததுமே மூச்சு முட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருமினேன், கைக்குட்டை சிவந்தது. தோட்டத்துக்கே இருமல் மருந்து கொடுத்தவனுக்குத் தன் இருமல் காதில் விழவில்லை, பாருங்கள்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துக் காசநோய் என்றார்கள். தொலைவிலிருந்த சானடோரியத்துக்கு (காசநோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) அனுப்பினார்கள். அங்கே நியூமோதொராக்ஸ் (நெஞ்சுக்குள் காற்றேற்றி, கெட்டுப்போன நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் முறை) செய்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அனுப்பும்போது டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு நுரையீரலில் வாழலாம், இரண்டும் செய்த வேலையை அதனிடம் கேட்காதீர்கள்.

திரும்பி வந்ததும் தோட்டத்தை நடத்தும் துரை கேட்டது அதைத்தான். திங்கட்கிழமை மூன்று டிவிஷனையும் சுற்றி வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் வருவான் என்றார். வேலை போனால் தோட்டம் கொடுத்த வீடும் போகும். நெஞ்சு கெட்டவனை வேறு எந்தத் தோட்டம் சேர்த்துக்கொள்ளும்?

விறகுக் கொட்டிலில் கிடந்த வண்டியை வெளியே எடுத்தேன். பழைய பெட்ரோலை வடித்தேன், கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக்கைச் சுரண்டினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பிறகு உதைத்தேன். எஞ்சின் ஒரு முறை பொருமிவிட்டு நின்றது. மறுபடி உதைத்தேன், மறுபடி பொருமியது. மூன்றாவது உதையில் கண் இருட்டியது. செத்துவிடுவேன் என்று அப்போதுதான் நிஜமாகப் பயந்தேன். சானடோரியத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை.

லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஆட்கள் தள்ளி நின்று பார்த்தார்கள், ஒருவரும் கிட்ட வரவில்லை. அவர்கள்மேல் என்ன குறை? இந்த நோயைக் கண்டால் ஒதுங்கி நில்லுங்கள் என்று வாசல் வாசலாகச் சொன்னவனே நான்தான்.

மனைவி பாக்கியம் தண்ணீரோடு வந்தாள். வண்டியை என்ன செய்தாய் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஈரம் ஏறக் கூடாதுன்னு பொகை போற கொழாயில தேயிலைத் தூள அடைச்சு வச்சேங்க. துணிப் பெட்டியில போடுவோமே, அது மாதிரி. நீங்க வந்தன்னிக்கே எடுத்துட்டேன்."

கம்பியை விட்டுக் குடைந்தேன். அவள் எடுத்தது குழாயின் வாயில் இருந்ததை மட்டும். உள்ளே போன தூள் ஒரு வருஷத்துப் பனியை எல்லாம் குடித்துக் கருங்கட்டியாக இறுகியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கம்பியை வீசி எறிந்தேன்.

"எங்க அண்ணன் வித்துருன்னு சொன்னாருங்க," என்றாள். "வித்தா நீங்க வரமாட்டீங்கன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அதான் அடைச்சு வச்சேன்."

கம்பியைத் தேடி எடுத்து வந்து, மிச்சத்தைக் குடைந்தேன். கண்ணீரைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

இனி உதைக்க என்னிடம் மூச்சு இல்லை. வண்டியை ஃபாக்டரி ரோட்டின் இறக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளினாள் அவள், பிடித்திருந்தேன் நான். ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருளவிட்டேன். வளைவுக்கு முன்னால் கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமையும் அப்படித்தான் போனேன்.

சானடோரியத்திலிருந்து என்னைப்போல் வீடு திரும்பியிருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்லலாம். பழைய உடம்பு வருமென்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள், அது வராது. நான் இன்றும் எந்த டிவிஷனுக்குப் போனாலும் வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். வீட்டு முன்னால் இறக்கம் இல்லை. காலையில் பாக்கியம் தள்ளுகிறாள். அவளுக்கும் இப்போது இருமல் இருக்கிறது. அது என் காதில் விழுகிறது.